பாக் விரிகுடாக் கரை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோடியக்கரையிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள கரையோர ஊர்களைப் பற்றி நான் கொஞ்சம் படிப்பவன் என்று தெரிந்ததிலிருந்து, கல்யாண வீடு, பேருந்து நிறுத்தம், டீக்கடை என்று எங்கே போனாலும் யாராவது ஒரு சந்தேகம் கேட்கிறார்கள். முக்கால்வாசி அதே பதினைந்து, பதினாறு கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துக்கொண்டு, தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

பாக் விரிகுடாங்கிறது எங்கேருந்து எதுவரைக்கும்?

வடக்கு மூலை கோடியக்கரை. தெற்கு மூலை ராமேசுவரம் தீவும் அதைத் தொடர்ந்து வரும் மணல்திட்டுகளும். கிழக்கே யாழ்ப்பாணமும் மன்னாரும். நம் பக்கத்தில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்தக் கடலைத் தொடுகின்றன. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் இதன் ஊர்கள்தான்.

நீரிணை வேறு, விரிகுடா வேறு. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் உள்ள வாசல்தான் நீரிணை. வாசலுக்கு உள்ளே இருக்கும் பெரிய கூடம் விரிகுடா. இந்தக் கூடத்துக்கு ஆழம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான். கடல் நடுவில் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தை நிறுத்தினால் மொட்டை மாடியில் துணி காயப்போடலாம். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த ஆழமின்மையில்தான் இருக்கிறது.

பாக்கு ஏத்துமதி ஆனதாலதான் பாக்கு நீரிணைன்னு பேர் வந்துச்சாமே?

இல்லை. ராபர்ட் பாக் என்று ஒரு வெள்ளைக்காரர், 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்தவர். அவர் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரில் ஒரு லகரம் எழுத்தில் நிற்கும், உச்சரிப்பில் வராது. அதனால்தான் சிலர் 'பால்க்' என்றும் எழுதுகிறார்கள். இந்தியாவுக்குப் பாதிரியாராக வந்தவர் கவர்னராகி, கடலுக்கே பெயராகிப் போனார். தமிழில் எழுதும்போது கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டது, வெற்றிலைத் தட்டு ஞாபகம் வந்துவிட்டது.

ராமேசுவரத்துல ஆண் கடல், பெண் கடல்னு சொல்றாங்களே, அது என்ன?

பெண் கடல் என்பது வடக்கே இருக்கும் பாக் விரிகுடா, ஆண் கடல் என்பது தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா. தெற்கில் ஆழமும் அலையும் அதிகம். வடக்கில் பெரும்பாலான நாள்களில் குளம்போலக் கிடக்கும். தனுஷ்கோடிச் சாலையில் நின்று இருபுறமும் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் பெண் கடல் எப்போதும் சாது என்று நினைத்துவிட வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பிவிட்டால் நிலைமை தலைகீழ். அதனால் இரண்டு கரையையும் அறிந்த படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துக் கடலை மாற்றிக்கொள்வார்கள்.

இந்தக் கரையில எதுக்கு இத்தனை 'பட்டினம்'? எல்லாம் நகரமா இருந்துச்சா?

பட்டினம் என்றால் கடற்கரை ஊர், துறை உள்ள ஊர். பெரிய நகரத்தைச் சொல்லும் 'பட்டணம்' வேறு. பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாபட்டினம், கோபாலப்பட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம், பாசிப்பட்டினம், தேவிபட்டினம் என்று வரிசையாக வருகிறதென்றால், ஒவ்வொன்றிலும் தோணி கட்ட ஒரு துறை இருந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சுந்தரபாண்டியன் போல அரசன் பெயர் ஒட்டியிருந்தால், ஊரை அரசன் பெயரால் நிறுவியிருக்கிறார்கள் அல்லது இருந்த ஊருக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

சங்கப் பாட்டுல வர்ற தொண்டி நம்ம தொண்டிதானே?

இதைச் சொன்னால் தொண்டிக்காரர்கள் கோபப்படுவார்கள். சங்கப் பாடல்களில் அதிகமாகப் பேசப்படும் தொண்டி சேரர் துறைமுகம். அது மேற்குக் கரையில், இன்றைய கேரளத்தில் இருந்தது. ஐங்குறுநூற்றில் ஒரு பத்துக்கே 'தொண்டிப் பத்து' என்று பெயர். அதுவும் சேரர் தொண்டிதான். கிரேக்க, ரோமானியக் குறிப்புகளில் திண்டிஸ் என்று வருவதும் அதுவே.

ஆனால் நம் தொண்டிக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு இடம் வருகிறது. தொண்டியோர் மரக்கலங்களில் கொண்டுவந்த அகில், துகில், சந்தனம், வாசனைப் பொருள், கருப்பூரம் இவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் காற்று மதுரைக்குள் நுழைகிறது. கொண்டல் என்றால் கீழ்க்காற்று. கீழ்க்காற்றில் மணம் மதுரைக்கு வர வேண்டுமென்றால் துறை மதுரைக்குக் கிழக்கே இருக்க வேண்டும். அதனால் இது நம் தொண்டி என்று கொள்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. காற்றின் பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கிற இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்படின்னா ரோமாபுரிக்காரங்க வந்த ஊர் எது?

தோண்டிப் பார்த்து உறுதியானது அழகன்குளம். வைகை ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் இது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1980-களில் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. ரோமானியக் காசுகள், மது வந்த கூர்முனைச் சாடிகளின் உடைசல்கள், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கப்பல் படம் கீறிய ஓர் ஓடும் கிடைத்தது. பாய்மரம் வரை கீறியிருக்கிறார் யாரோ ஒருவர்.

மதுரையிலிருந்து ஆற்றோடு வந்தால் கடல் எங்கே தொடுகிறதோ அங்கே துறை. இதில் மர்மம் எதுவும் இல்லை.

அரபு வியாபாரிங்க வந்த பிறகுதான் இங்க வியாபாரமே வந்துச்சா?

முந்தைய பதிலே இதற்கும் பதில். ஆனால் கேள்வி அதோடு முடிவதில்லை. அரபு, பாரசீக வணிகர்கள் இந்தக் கரைக்கு வந்ததும், இங்கேயே குடும்பமாக நிலைத்ததும், மரைக்காயர் குடும்பங்கள் கப்பல் ஓட்டியதும் உண்மைதான். தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் (அர்வி) அந்த உறவின் மிச்சம்.

தொண்டிக்கு வடக்கே தீர்த்தாண்டதானம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டை எல்லோரும் ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும். வணிகர்கள் கூடி, ஊரில் இருந்த சிவன் கோயிலுக்காக வரும் சரக்கின்மேல் ஒரு மகமை, அதாவது தாங்களே போட்டுக்கொள்ளும் ஒரு சிறு வரி, வைத்துக்கொள்கிறார்கள். கூடியவர்கள் யார்? அஞ்சுவண்ணத்தார், மணிக்கிராமத்தார், தென்னிலங்கை வலஞ்சியர், கைக்கோளர், வாணியர், இன்னும் பலர். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர் குழு. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் அதில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர்களும் எண்ணெய் வாணியரும் நெசவாளரும் இலங்கை வணிகரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து கோயிலுக்கு மகமை போட்டிருக்கிறார்கள். யார் முதலில் வந்தார்கள் என்று சண்டை போடுகிறவர்களுக்கு நான் இந்தக் கல்வெட்டைத்தான் சொல்வேன்.

மாணிக்கவாசகர் குதிரை வாங்க வந்தது நம்ம பக்கம்தானா? நெஜமாவே நடந்ததா?

திருப்பெருந்துறை என்ற ஆவுடையார்கோயில் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தாலும் இந்த வட்டாரம்தான். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை அமைச்சர் கோயிலுக்குச் செலவழித்தார், நரி பரியானது என்பது புராணம். அதைப் புராணமாகவே வைத்துக்கொள்வோம்.

ஆனால் பாண்டியர்கள் கடல்வழியாகக் குதிரை வாங்கியது வரலாறு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ அதை எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் துறைமுகம் தாமிரபரணி முகத்தில் இருந்த காயல், அதாவது ஆண் கடல் பக்கம். நம் பக்கத் துறைகளிலும் குதிரை இறங்கியிருக்கலாம் என்று ஊகிப்பதில் தப்பில்லை. எந்தத் துறை என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் மாட்டேன்.

நாங்க மணமேல்குடி. எங்க ஊர் சோழ நாடா பாண்டிய நாடா, புதுக்கோட்டை ராஜா ஊரா?

பாண்டிய நாட்டின் வட எல்லை வெள்ளாறு என்பது பழைய கணக்கு. அந்த வெள்ளாறு உங்கள் ஊர்ப் பக்கம்தான் கடலில் விழுகிறது. எல்லையில் இருந்தவர்களுக்கு இரண்டு அரசும் சொந்தம், இரண்டு அரசின் படையும் தொல்லை. நின்றசீர் நெடுமாறப் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த குலச்சிறை நாயனார் மணமேற்குடிக்காரர். எனவே 7ஆம் நூற்றாண்டில் உங்கள் ஊர் மதுரையோடு நெருக்கம்.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியர் பங்காளிச் சண்டையில் இலங்கை அரசன் பராக்கிரமபாகுவின் படை ராமேசுவரத்தில் இறங்கி இந்தக் கரை நெடுக வந்தது. மறுபக்கம் நின்றது சோழர் படை. தொண்டி, பாசி (பாசிப்பட்டினம்) வட்டாரங்களில் நடந்த போரைச் சோழர் கல்வெட்டுகளே பேசுகின்றன. பிற்காலத்தில் அறந்தாங்கிக் கோட்டை ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிக்கும் தஞ்சை மராத்தியருக்கும் இடையில் பலமுறை கைமாறியது.

புதுக்கோட்டை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுவார்கள். தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கமெல்லாம் பிரிட்டிஷ் இந்தியாவின் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோதுதான் கடல் அதோடு சேர்ந்தது. அதனால் உங்கள் தாத்தா புதுக்கோட்டை ராஜாவின் குடிமகன் இல்லை, வெள்ளைக்காரன் குடிமகன். சந்தோஷப்படுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தேவிபட்டினத்துல நவபாஷாணக் கல்லெல்லாம் கடலுக்குள்ள எப்படி விழாம நிக்குது?

ராமர் நட்ட நவக்கிரகம் என்பது நம்பிக்கை. விழாமல் நிற்பதற்குக் காரணம் முதல் பதிலில் இருக்கிறது. ஆழமில்லை, அலையில்லை, ஏற்றவற்றமும் குறைவு. அதே ஒன்பது கல்லைச் சென்னைக் கடற்கரையில் நட்டுப் பாருங்கள், ஒரு வாடைக்குத் தாங்காது.

ஓரியூர் மண் சிவப்பா இருக்கிறது ரத்தத்தாலதானா?

அருளானந்தர் என்று தமிழர்கள் அழைத்த ஜான் டி பிரிட்டோ, போர்ச்சுகலிலிருந்து வந்த சேசு சபைத் துறவி. கிழவன் சேதுபதியின் ஆட்சியில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. சேதுபதியின் உறவினரான தடியத்தேவர் கிறித்தவரானதும், அதற்காக அவர் மனைவியரில் ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்கியதும்தான் பிரச்சினையின் தொடக்கம். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதிக்கு வேண்டிய குடும்பத்துப் பெண். வெறும் மதச் சண்டையாக மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது, வீட்டுச் சண்டையும் அரசியலும் கலந்தது.

மண்ணின் நிறத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. இன்றும் எல்லா மதத்தாரும் அந்த மண்ணை எடுத்துப் போகிறார்கள்.

மனோரா வாட்டர்லூ வெற்றிக்குக் கட்டினதுதானே? பாடத்துல அப்படித்தான் படிச்சோம்.

மல்லிப்பட்டினம் அருகே நிற்கும் எட்டு அடுக்குக் கோபுரம். கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. ஆங்கிலேயர் நெப்போலியனை வீழ்த்தியதன் நினைவாகக் கட்டியது என்று அங்கே உள்ள கல்வெட்டே சொல்கிறது. அதுவரை சரி. ஆனால் அந்தக் கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூன் 18. நடக்காத போருக்கு யாரும் தூண் நாட்ட மாட்டார்கள். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்குப் போனான். சரபோஜி கொண்டாடியது அதைத்தான். அடுத்த வருடம் அவன் திரும்பி வந்து இன்னொரு முறை தோற்பான் என்று தஞ்சாவூரில் யாருக்குத் தெரியும்?

ஏன் கொண்டாடினார் என்பதும் கேட்கப்படும். 1799-இல் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போய்விட்டது. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும் கொஞ்சம் நிலமும் மானியமும்தான் மிச்சம். அந்த நிலையில் கட்டியது. 'ஆங்கிலேயரின் நண்பர்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அவர் நிலைமையைப் புரிந்துகொண்டால் போதும்.

பெயர் மினார் என்ற சொல்லிலிருந்து வந்தது. அப்புறம், மனோராவிலிருந்து தஞ்சாவூர் அரண்மனைக்குச் சுரங்கப்பாதை இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு: கரையில் ஆறடி தோண்டினால் தண்ணீர் ஊறும் மண்ணில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் சுரங்கமா?

சேதுபாவாசத்திரம், ராஜாமடம்னு பேர் இருக்கே, அங்கெல்லாம் என்ன இருந்துச்சு?

ராமேசுவரம் போகிறவர்களுக்குச் சோறும் தங்குமிடமும். இந்தக் கரைச் சாலைதான் தஞ்சையிலிருந்து சேது யாத்திரைக்குப் போன வழி. மராத்திய அரச குடும்பம் வழிநெடுகச் சத்திரம் கட்டியது. வருமானத்துக்கு ஊர்களை எழுதி வைத்தது. நாட்டைக் கும்பெனியிடம் இழந்த பிறகும் சத்திரங்களை மட்டும் தன்னிடமே விட்டுவிடுமாறு சரபோஜி 1801-இல் கடிதம் எழுதிக் கேட்டார். மனோராவைவிட அந்தக் கடிதத்துக்காகத்தான் அவரை நான் நினைத்துக்கொள்வேன்.

எங்க தாத்தா பாஸ்போர்ட் இல்லாம யாழ்ப்பாணம் போயிட்டு வருவேன்னு சொல்வார். கதை விடுறாரா?

அனேகமாக உண்மை. இலங்கையில் குடிவரவுச் சட்டம் 1948-இல் இயற்றப்படும் வரை இரு கரைக்கும் நடுவில் போக்குவரத்து வீட்டுக்குப் பக்கத்துத் தெரு மாதிரிதான். பாய்த்தோணியில் நல்ல காற்று அமைந்தால் ஒரு ராத்திரிப் பயணம். அரிசி, கருவாடு, ஓடு, துணி என்று போனதும் வந்ததும் ஏராளம்.

இந்த வழியில் எல்லோரும் சந்தோஷமாகப் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன ஏழைகள் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற துறைகளிலிருந்து தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் கணக்கில்லை. பிறகு மண்டபம் என்ற ஊரில் நோய்த் தடுப்பு முகாம் வந்தது. 1983-க்குப் பின் அதே மண்டபம் முகாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த அகதிகளுக்கு இடமானது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் சிலரும் அதில் இருந்திருப்பார்கள்.

அப்ப கடல்ல எல்லைக்கோடே கிடையாதா? கச்சத்தீவு எப்பப் போச்சு?

1904-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ராமநாதபுரம் ராஜாவின் சங்குப் படுகையிலிருந்து சங்கு எடுத்ததைத் திருட்டு என்று சொல்ல முடியுமா என்பது பிரச்சினை. கடல் பொதுவானது என்றால் திருட்டு ஆகாதே! பாக் விரிகுடா சாதாரணத் திறந்த கடல் அல்ல, நெடுங்காலமாக ஆட்சிக்கு உட்பட்ட கடல் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு சங்குத் திருட்டு வழக்கு பின்னால் சர்வதேசச் சட்டப் புத்தகங்களில் ஏறிக்கொண்டது.

1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டபோதும் இதை 'வரலாற்றுக் கடல்' என்றே குறிப்பிட்டுக் கோடு போட்டார்கள். கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. 1976-இல் வந்த இன்னொரு ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு போட்டது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் இன்றும் இரு கரையாரும் அங்கே கூடுகிறார்கள்.

இவ்வளவு பெருமை இருந்த துறையெல்லாம் ஏன் செத்துப்போச்சு?

ஆழமில்லாத கடல் தோணிக்கு வரம், நீராவிக் கப்பலுக்குச் சாபம். பெரிய கப்பல் நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் போனது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, ரயிலும் தலைமன்னார்க் கப்பலும் இணைந்ததும் ஆட்களும் அந்த வழியே போனார்கள். மேலே சொன்ன குடிவரவுச் சட்டமும் சுங்கமும் தோணி வியாபாரத்தில் மிச்சமிருந்ததை முடித்தன.

சுனாமில நாகப்பட்டினம் அப்படி அழிஞ்சப்ப இங்க ஏன் பெரிசா ஒண்ணும் ஆகல?

இலங்கை குறுக்கே நின்றது. அலையின் நேர்வேகம் தீவில் பட்டு, வளைந்து வந்தது மட்டுமே இங்கே சேர்ந்தது. ஆனால் புயல் வேறு கணக்கு. ஆழம் குறைந்த கடலில் காற்று தண்ணீரைத் தள்ளினால் அது கீழே போக இடமின்றிக் கரை ஏறும். 1955-இல் ராஜாமடம் பக்கம் அப்படித்தான் ஏறியது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் போயின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்து, பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் பக்கத்தில் இப்போதும் 'கஜாவுக்கு முன்னாடி', 'கஜாவுக்கு அப்புறம்' என்றுதான் வயசு கணக்குச் சொல்கிறார்கள்.

எங்க ஊர் பேர் ஒரு கல்வெட்டுலயும் இல்ல. எங்களுக்கு வரலாறே கிடையாதா?

கல்வெட்டில் ஏறியது பெரும்பாலும் கோயிலுக்குக் கொடுத்தவர்களும் கொடுக்க வைத்தவர்களும். மீன் பிடித்தவர்கள் கல்லில் ஏறவில்லை, சொல்லில் ஏறினார்கள். காற்றுக்குப் பெயர், வலைக்குப் பெயர், கடலுக்குள் இருக்கும் பாருக்கு (பாறைத் திட்டுக்கு) பெயர் எல்லாம் உங்கள் பெரியவர்களிடம் இருக்கிறது. கடற்பசுவை 'ஆவுளியா' என்று சொல்வது இந்தக் கரைச் சொல்தான். 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரில் அதற்கென்று காப்பகம் அறிவித்தபோது எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு உயிர் இருப்பதே புதுச் செய்தி. வலைக்காரருக்கு அது தாத்தா காலத்துப் பழக்கம்.

எழுத்து வேண்டுமென்றால் வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய பத்திரங்கள், பள்ளிவாசல் கணக்குகள், மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, மையவாடிக் (முஸ்லிம் அடக்கத்தலம்) கல் இவற்றிலிருந்து தொடங்குங்கள். ஜில்லா நில அளவைப் பதிவுகளுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதற்கும் முன்னால், ஊரில் தோணி ஓட்டிய கடைசி ஆள் யாரென்று விசாரித்து, இந்த வாரமே போய் உட்காருங்கள். ஆவணக் காப்பகம் அடுத்த வருடமும் திறந்திருக்கும்.